நிற்கக் கூடாத பிளக் பாயிண்ட்

அத்தியாயம் 9

ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம்.

போன வாரம் மாமனார் சொன்ன அந்தப் பதில் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

அன்று சோலார் கம்பெனியிலிருந்து வந்த பெண் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஃபேன் எத்தனை, எவ்வளவு நேரம் ஓடும். ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ். எல்லாம் சேர்த்து நாளைக்குப் பதினோரு யூனிட் வந்தது. ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் நாலு யூனிட் தரும், ஆகவே இந்த வீட்டுக்கு மூன்று கிலோவாட் போதும் என்றாள். பிறகு, போகிற வீட்டிலெல்லாம் சொல்வதை இங்கும் சொன்னாள்.

"இன்னைக்கு இருக்கிறதை மட்டும் பார்க்காதீங்க. பேனல் இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும். வரப்போறதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அதுவரை சும்மா இருந்த மாமனார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எழுநூறு வாட்ஸ் சேர்த்துக்கோம்மா."

"எவ்வளவு நேரம் ஓடும் ஐயா?"

"இருபத்துநாலு... மணி நேரமும்."

"என்ன சாமான்?"

"வரப்போற சாமான்."

மூன்று கிலோவாட் ஏழானது. அவருடைய மகன் டீ டம்ளரைச் சத்தம் கேட்கும்படி வைத்துவிட்டு எழுந்து போனான்.

மருமகள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமலே பாட்டில்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். கண்டுபிடிப்பது அவள் வேலை. ஆனால் இந்த எழுநூறு வாட்ஸில் என்ன கலந்திருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஏதோ கலந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

இன்று மாலைக்குள் அளவைச் சொல்லியாக வேண்டும். சோலார் பெண் கூரையை அளக்க நாலு மணிக்கு வருகிறாள்.

கணவன் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். சமையல் மேடைக் கல் அவன் அப்பா அறுத்தது. அதன் விளிம்பில் முழங்கையை ஊன்றியிருந்தான். பட்டறையில் முப்பது வருடம் அவர் நின்ற இடத்தில், அதே கல் அறுக்கும் மெஷின் முன்னால், இப்போது இவன் நிற்கிறான்.

"காதுல மாவு இருக்கு. குளிச்சீங்களா இல்லையா?"

"கல் மாவு. எவ்வளவு குளிச்சாலும் போகாது. பவுடர் செலவு மிச்சம்னு நினைச்சுக்கோ."

"மாஸ்க் போடுறீங்களா?"

"போடுறேன்."

"எங்க?"

"கழுத்துல."

அவள் துணியின் நுனியை நனைத்து அவன் காதைத் துடைத்தாள். வெள்ளையாக வந்தது.

"அதான் படம் எடுத்தாச்சே, டீச்சர்." கோபமில்லாத நேரங்களில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "பட்டறைக்கே வண்டி வந்து, அப்பா மாதிரி பழைய ஆளுங்களையும் கூப்பிட்டு, அத்தனை பேர் நெஞ்சையும் படம் எடுத்துட்டுப் போனாங்க. அப்பா போய் ரிசல்ட்டை வாங்கிட்டு வந்து, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லடான்னு சொல்லிட்டார். விடு. நாளைக்கு ஒரு லோடு கல் இறங்குது. ஒரு வாரத்துக்கு மெஷினை நிறுத்த முடியாது. அதுக்குள்ள இந்தச் சோலார் பஞ்சாயத்தை முடிக்கணும்."

"முடிக்கணும்னா அது என்னன்னு தெரியணும்ல."

"தெரியாம என்ன. ஃப்ரீசர்." குரலைத் தாழ்த்தினான். "நம்ம தங்கச்சி மாப்பிள்ளையோட ஐஸ் கடை ஃப்ரீசர். கடைக்குக் கரண்ட் பில் கட்ட முடியல. இங்க கொண்டுவந்து வச்சுட்டா ஓசியில ஓடும். யோசிச்சுப் பாரு. பின் ரூம்ல இருந்த பெட்டியெல்லாம் ஏன் வெளியே போச்சு? கட்டிலுக்குப் பக்கத்துல அவ்வளவு பெரிய பிளக் பாயிண்ட் ஏன் வந்துச்சு? நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்க்கிறார். கஸ்டமர்கிட்ட பண்ற வேலை. பெத்த பிள்ளைகிட்டயே."

அந்த வேலை அவளுக்கும் தெரியும். கல்லுக்கு விலை கேட்டால் மாமனார் ஒரு வார்த்தை சொல்வார், நிறுத்துவார், எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ஆட்கள் தாங்களாகவே விலையை ஏற்றியிருக்கிறார்கள். பட்டறையில் அதற்குப் 'பெரியவர் கேப்' என்று பெயர். கொஞ்ச நாளாக அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. டீ கேட்கும்போதுகூட நடுவில் நிறுத்துகிறார். டீக்கு என்ன பேரம் என்று அவள் ஒருநாள் மனதுக்குள் சிரித்திருக்கிறாள்.

பதினோரு மணிக்கு நாத்தனார் வந்தாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் இந்த வீட்டில் அவள் 'குட்டி'தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நேரா ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கற விஷயம்தான் போல. கேளு."

"பேனல் மாட்ட அப்பா கையெழுத்து எதுக்கு?"

"வீடு அவர் பேர்ல இருக்கு. கரண்ட் ஆபீஸ்ல கேக்குறாங்க."

"அந்தக் காகிதத்துல அது மட்டும்தான் இருக்குமா?"

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "வேற என்ன இருக்கணும்?"

"எனக்கென்ன தெரியும். படிச்சவங்க நீங்க."

"படிச்சது கெமிஸ்ட்ரி. அதுல வீட்டை எழுதி வாங்கச் சொல்லித் தரல." சற்று நிறுத்தினாள். "நீ கேட்டுட்ட. நானும் கேக்கறேன். உன் வீட்டுக்காரர் ஃப்ரீசர் ஓடுறதுக்கு எங்க தலையில லோனா?"

"எந்த ஃப்ரீசர்?"

"பின் ரூமுக்கு வரப்போற ஃப்ரீசர்."

குட்டி அப்போதுதான் பையை இறக்கினாள். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது.

"ஃப்ரீசரை வித்து ரெண்டு மாசம் ஆச்சு அண்ணி. கடையே இல்ல. இப்ப வேன் ஓட்டுறார். ஃப்ரீசரை வாங்க ஆள் பிடிச்சுக் கொடுத்ததே அப்பாதான். உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"அண்ணன்கிட்ட?"

"இல்ல."

இரண்டு பேரும் பின் அறைக் கதவைப் பார்த்தார்கள். மாமனார் வாசல் நாற்காலியில் இருந்தார். இப்போதெல்லாம் தெருமுனை டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. கடைக்காரன் பேச்சு சரியில்லை என்று காரணம் சொன்னார்.

"அப்போ அந்த எழுநூறு வாட்ஸ் யாருக்கு?" என்றாள் குட்டி. அடுத்த நிமிடமே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அது வந்த விதம் முகத்திலேயே தெரிந்தது. "அண்ணி, அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு."

"அதுக்கு?"

"யாரையாவது கூட்டிட்டு வரப்போறாரோ?"

"குட்டி."

"சிரிக்காதீங்க. புதுச் சட்டையெல்லாம் எடுத்திருக்கார்."

"பழசு நெஞ்சைப் பிடிக்குதுன்னார். லூசா வேணும்னு கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"ஆள் மெலிஞ்சிருக்கார். மெலிஞ்ச ஆளுக்கு எப்படிச் சட்டை பிடிக்கும்?"

குட்டி கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். அறை சுத்தமாக இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"மூணு. ஒருத்தருக்கு எதுக்கு மூணு தலையணை?"

உறை மாற்றிப் போடுவது மருமகள்தான். ஒவ்வொரு வாரமும் மூன்று உறை துவைக்கிறாள். எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. ஆனால் மூன்றும் ஒரே தலையின் எண்ணெய்க் கறைதான். அதைச் சொன்னாள்.

"சோதனைக்கு எடுத்துட்டுப் போனீங்களாக்கும்," என்றாள் குட்டி. ஆனாலும் குரல் இறங்கியிருந்தது. அண்ணிமேல் வைத்திருந்த சந்தேகத்தை எடுத்து அப்பாமேல் வைத்துவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்கும் தங்கினாள். சாப்பிடும்போது யாரும் சோலார் பேச்சை எடுக்கவில்லை. மாமனார் பாதியிலேயே கையைக் கழுவினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அவர் எழுந்த பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்குச் சோலார் பெண் வந்தாள். இடுப்பில் அளவு நாடா, தலையில் தொப்பி. மாமனாரின் நாற்காலிக்கு எதிரே, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் கதவில் சாய்ந்து நின்றான். பெண்கள் இருவரும் அவன் பின்னால்.

"ஐயா, ஏழு போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். சாதாரண சிஸ்டம்ல வெளி கரண்ட் போனா சோலாரும் நின்னுடும்."

"வெயில்... அடிச்சாலுமா?"

"அடிச்சாலும்தான். வெளியே லைன்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு அது தானா நின்னுக்கும்."

மாமனாரின் கை நாற்காலிக் கைப்பிடியில் இறுகியது. "அப்போ பாட்டரி."

"அப்பா," என்றான் மகன்.

"பாட்டரி வச்சாலும் வீடு முழுக்க ஓட்ட முடியாது ஐயா. எந்தப் பாயிண்ட் நிக்கவே கூடாதோ, அதை மட்டும் தனி லைன்ல எடுப்போம். ஒரு லைட்டு, ஒரு ஃபேன், அப்படி. உங்களுக்கு எது எது?"

"லைட்டு வேண்டாம். ஃபேன் வேண்டாம். நிக்கக் கூடா... தது ரெண்டு."

"சொல்லுங்க."

"பின் ரூம்ல. கட்டில் பக்கம்."

"சரி. இன்னொண்ணு?"

"மாடி ரூம்ல."

மாடியில் ஒரே ஒரு அறைதான். அது மகனும் மருமகளும் படுக்கும் அறை.

"என் ரூம்லயா?" மகன் கதவைவிட்டு நிமிர்ந்தான். "என் ரூம்ல என்ன வைக்கப்போறீங்க?"

மாமனார் சோலார் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். "அங்கயும்... கட்டில் பக்கத்துல."

"எந்தப் பக்கம்னும் முடிவு பண்ணியாச்சா?"

"நீ படுக்கிற பக்கம்."

குட்டி, அண்ணியின் கையைப் பிடித்தாள். சோலார் பெண் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கு," என்றான் மகன். "என் வீட்டுக் கட்டில்கிட்ட என்ன வரும்னு எனக்கே தெரியக் கூடாது. லோன் மட்டும் நான் கட்டணும். மூணுதான்மா. மூணுக்கு மேல ஒரு பேனல் ஏறக் கூடாது. வாங்க, மேல போய் அளந்துடலாம்."

அவன் மாடிப்படியில் தடதடவென்று ஏறினான். சோலார் பெண் பின்னால் போனாள். குட்டி டீ போடுவதாகச் சொல்லி உள்ளே நழுவினாள்.

மருமகள் அங்கேயே நின்றாள். ஒரு சொல் அவள் காதில் திரும்பத் திரும்ப வந்தது. நிக்கக் கூடா... தது.

பேரத்தின் இடைவெளி வாக்கியம் முடிந்த பிறகு வரும். இது சொல்லின் நடுவில் வந்தது. அந்த நேரத்தில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அதன் பிறகுதான் மீதிப் பாதி வந்தது.

அவள் மொட்டை மாடிக்குப் போனாள். கணவன் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோலார் பெண் இந்தப் பக்கம் குனிந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம்மா. எழுநூறு ஒரே சாமான் இல்ல. ரெண்டு ரூம்ல ரெண்டு. ஒண்ணுக்கு முன்னூத்தம்பது. ராத்திரி பகல் நிக்காம முன்னூத்தம்பது இழுக்கிறது எது?"

"அப்படி அதிகமா எதுவும் இல்லக்கா. வீட்டுல எல்லாமே கொஞ்ச நேரமாவது தூங்கும்."

"ஃப்ரீசர்?"

"அது நின்னு நின்னுதான் ஓடும். நிக்காம முன்னூத்தம்பதுன்னா..." நாடாவை விரலில் சுற்றியபடி யோசித்தாள். "நாங்க ஒரே ஒரு வீட்டுல போட்டிருக்கோம். ஒரு ஐயாவுக்கு ஆக்சிஜன் மெஷின். சிலிண்டர் இல்லக்கா, காத்துல இருந்தே பிரிச்சு மூக்குக்குக் குடுக்குமே, அது. அங்கயும் இதேதான் கேட்டாங்க. எது நின்னாலும் அது நிக்கக் கூடாதுன்னு." சொல்லி முடித்ததும் அவளே நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா?"

"ஒண்ணும் இல்ல. நீ அளந்துட்டு மெதுவா வா. அவரையும் கொஞ்ச நேரம் மேலயே வச்சுக்கோ."

படி இறங்கும்போது அவள் மனம் தானாகக் கூட்டியது. அது அவள் பழக்கம். வீட்டுக்குப் பதினொன்று. மெஷினுக்கு எட்டரை. நாளைக்குப் பத்தொன்பதரை யூனிட். ஐந்து கிலோவாட்.

ஐந்து. ஏழு இல்லை.

மாமனார் அதே நாற்காலியில் இருந்தார். அவள் சோலார் பெண் உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்தாள். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு தாழ்வாக அவரைப் பார்த்ததில்லை. புதுச் சட்டைக்குள் கழுத்தெலும்பின் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் ஆழமாகி மேலே வந்தது.

"மாமா, ஃப்ரீசர் நின்னு நின்னுதான் ஓடுமாம்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிக்காம ஓடுறது என்னன்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

அவர் உள்பக்கம் பார்த்தார். குட்டி டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு மூணு மாசத்துல... வேண்டியிருக்கும்னார் டாக்டர். மாட்டினா அப்புறம்... கழட்ட முடியாதாம். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு கேட்டேன். ஏற்பாடு... பண்ணிக்கச் சொன்னார்."

"படத்துல ஒண்ணும் இல்லன்னீங்க."

"சொன்னேன். நெஞ்செல்லாம்... கல் மாவுதான்."

"மூணு தலையணை வச்சு உட்கார்ந்துதான் தூங்குறீங்களா?"

"படுத்தா... மூச்சு ஏற மாட்டேங்குது."

இரண்டு பெண்கள் சேர்ந்து காலையில் இந்த மனிதருக்கு ஒரு கல்யாணமே பேசி முடித்திருந்தார்கள். வெட்கம் வந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறொன்று குளிர்ந்து கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு ஒரு மெஷின்னா அஞ்சு கிலோவாட் போதும் மாமா. கணக்குப் போட்டுட்டேன். நீங்க ஏழு கேட்டீங்க."

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகங்களின் ஓரத்தில் இன்னும் வெள்ளைக் கோடு இருந்தது. பட்டறையைவிட்டு மூன்று வருடம் ஆகிறது.

மேலே கைப்பிடிச் சுவரில் கணவனின் தலை தெரிந்தது.

"டீச்சர், தொட்டி நிழல் விழுது. ஏழுக்கு இடமே இல்ல, அஞ்சுதான் வரும்னு சொல்றாங்க. அவர்கிட்ட கேளு, அந்த ரெண்டாவது சாமான் இல்லாம முடியாதான்னு. சீக்கிரம் சொல்லச் சொல்லு, காலைல ஆறு மணிக்கெல்லாம் எனக்குக் கல் இறங்குது."

"கேக்கறேங்க," என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தலை மறைந்தது. மேலே நாடா தரையில் உரசும் சத்தம்.

"மாடி ரூம்ல எதுக்கு மாமா?"

"அந்தப் பொண்ணு சொன்னா இல்ல," என்றார். "வரப்போறதையும்... சேர்த்துச் சொல்லுங்கன்னு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. உண்மையில் மேலே படியில் கூட்டும்போதே புரிந்திருந்தது. ஆனால் யாரும் வாயால் சொல்லாத வரை அது வெறும் கணக்கு. கணக்கு தப்பாகவும் போகும். பாட்டில் மாறிப்போவது உண்டு.

"அவர் படுக்கிற பக்கம் எதுக்கு? சொல்லுங்க மாமா. எனக்குச் சொல்ல வேண்டாம், அவர் இறங்கி வந்ததும் அவர்கிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

மாமனார் மூச்சைச் சேர்த்தார். தோள்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. இந்த முறை அவர் அவள் முகத்தைத்தான் பார்த்தார், ஆனால் அதில் பேரம் இல்லை.

"அவனுக்கும் இருக்கும்மா," என்றார். "ரெண்டு படத்தையும் ஒண்ணா மாட்டி... லைட்டு போட்டுக் காட்டினாங்க. எது என்னுது, எது அவனோடதுன்னு... எனக்குத் தெரியல."